எறும்புக்கு ஆறு கால்

திங்கட்கிழமை, மதிய இடைவேளை

பிரியமுள்ள எறும்புக்கு,

அண்ணி எழுதுவது. நீ அங்கே சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வங்கி விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. அதென்ன புதுசாகக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கிறாய்? உறையைப் பிரித்ததும் யாரோ வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். இருபது வருஷமாக உன் கோழிக் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண் இது. நல்லவேளை, கடைசியில் பேனாவால் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே வழக்கம்போல ஒரு எறும்பையும் வரைந்திருந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் இது நம்ம ஆள்தான் என்று மூச்சு வந்தது. உன் அண்ணன் உனக்கு ‘கட்டெறும்பு’ என்று பேர் வைத்ததற்கு நீ வாழ்நாள் முழுக்க அவரைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறாய்.

கேக்கில் பேர் எழுதும் வேலையை விட்டுவிட்டு, ஆர்டர் எடுக்கும் மேசைக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தாய். அதுவும் சரிதான். எத்தனை வருஷம்தான் குனிந்து நின்று கிரீமைப் பிழிந்துகொண்டிருப்பாய்? கொஞ்சம் உட்கார்.

இனி உன் அண்ணன் விஷயம். போன வருஷக் கடைசியில் அவருக்கு ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. முதலில் எண்ணெய்க் கை என்றார். பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. நான்தான் முதலில் பயந்தேன். எங்கள் வங்கியில் என் வேலையே செக்கில் உள்ள கையெழுத்தும் அட்டையில் உள்ள கையெழுத்தும் ஒன்றா என்று பார்ப்பதுதானே. நம் பெண்ணின் விடுதிப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள், குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். இயக்க நரம்பு நோய் என்கிறார் டாக்டர். மூளையின் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகுமாம். கை, பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு, திருப்பிக் கொண்டுவர இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி, புத்திக்கு ஏதாவது ஆகுமா என்று. பெரும்பாலும் புத்தி தெளிவாகவே இருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் வேலைக்குப் போய் வருகிறேன்.

உன் அண்ணன் இதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, மோட்டார்தான் மக்கர் பண்ணுது, மேல கன்ட்ரோல் பெட்டி கிண்ணுன்னு இருக்கு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கம்பெனியில் கனமான வேலை கொடுப்பதில்லை. மீசையோடு போகிறார். மீசையை என் கடிதங்களில் உனக்குத் தெரியுமே, பத்தொன்பது வருஷமாக வேலையில் அவருக்கு ஜோடி. மீசை கீழே லிஃப்ட் வந்து நிற்கிற பள்ளத்தில் இறங்குகிறார், இவர் மேலே மெஷின் அறையில் சுவிட்சைப் பார்த்துக்கொள்கிறார்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் நினைவிருக்கிறதா? வீட்டில் ஃபேன் மாட்டுவதற்கு மெயின் சுவிட்சை அணைத்துச் சிவப்புப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நீ படிக்க வெளிச்சம் வேண்டும் என்று ஹேர்பின்னால் பூட்டை நோண்டினாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை மனுஷன். நாலாம் நாள் உன்னை உட்கார வைத்து, பூட்டுப் போட்டவன் வெளியே வந்து நின்னு அவனே திறக்கணும், வேற யாரு தொட்டாலும் அது கொலை என்றார். கொலை என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

ஒரு சின்ன விஷயம். இனிப்பு பிஸ்கட்டைத் தொடவே தொடாதவர், இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் தின்கிறார். எதிர்வீட்டுக்காரர் அவர் தம்பி இறந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டார். பயத்தில் மனசு இப்படியெல்லாம் போகும் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன்னைக் கவலைப்படுத்த எழுதவில்லை. ஆனால் வேறு யாரிடம் எழுதுவேன்? வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள எறும்புக்கு,

அண்ணியின் அன்பு. உன் பதில் கிடைத்தது. இந்தத் தடவையும் கம்ப்யூட்டர்தானா, சரி. நீ கேட்டிருந்த மருந்துப் பேரை இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மீசையைக் கொல்லப் பார்த்தார். கொல்ல நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

போன செவ்வாய்க்கிழமை. எட்டு மாடிக் கட்டடம். மீசை மெயின் சுவிட்சில் தன் மஞ்சள் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். பூட்டில் அவர் படத்தோடு ஒரு அட்டை தொங்கும், ‘நான் உள்ளே இருக்கிறேன்’ என்று. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி உண்டு. அதை அரக்கு வைத்து ஒட்டிய உறையில் போட்டு மூத்தவரிடம் கொடுத்திருப்பார்கள். பூட்டுப் போட்டவர் செத்தாலோ மயங்கினாலோதான் அதைப் பிரிக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் உன் அண்ணன் ஒரு உறையைக்கூடப் பிரித்ததில்லை. வருஷா வருஷம் அரக்கு உடையாத உறைகளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, நல்ல வருஷம் என்று என்னிடம் சொல்வார்.

அன்றைக்கு அந்த உறையைப் பல்லால் கிழித்திருக்கிறார். விரலில் பலம் இல்லையே. இடது கையால் பூட்டைத் திறந்து, மீசையின் படத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டிருக்கிறார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கி பஸ் ஏறிவிட்டார்.

மூன்றாம் மாடியில் யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். லிஃப்ட் கிளம்பிய சத்தம் கேட்டதும் மீசை அப்படியே மூலையில் படுத்துக் கை நீட்டி, லிஃப்டை நிறுத்துகிற சிவப்பு பட்டனைத் தட்டியிருக்கிறார். தோள்பட்டை எலும்பில் விரிசல், அவ்வளவோடு போயிற்று. ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தால் மீசை வீட்டில் இன்றைக்கு என்ன நடந்துகொண்டிருக்கும்?

எனக்கு எதுவும் தெரியாது. அன்று சாயங்காலம் அவர் வந்தார், பிஸ்கட் எங்கே என்றார், தின்றார், டிவி பார்த்தார். மறுநாள் மீசை கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல அண்ணே என்று மட்டும் கேட்டார். உன் அண்ணன், தெரியுமே, மணி நாலரை ஆயிடுச்சு, கிளம்பணும்ல என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மீசை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெரிய மீசையோடு தேம்பித் தேம்பி அழுதார்.

வாசல்வரை போய் வழியனுப்பினேன். கம்பெனிகிட்ட கை நழுவிடுச்சுன்னு சொல்லிக்கறேன், ஆனா இது அவரு கை பண்ணின தப்பு இல்லம்மா, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இப்போது உன் அண்ணனைப் பார்த்துப் பயப்படுகிறேன். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. வேலைக்குப் போகும்போது கேஸ் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். நேற்று வடிக்கும்போது கொதிநீர் என் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. அலறிவிட்டேன். அவர் வந்தார், பார்த்தார், கீழே கொட்டியிருந்த தண்ணீரைத் தாண்டிப் போய் அலமாரியில் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தலைவலி என்றாலே மூன்று தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மனுஷன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருக்கிறேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன். நீ தைரியமாக இரு, எனக்கும் கொஞ்சம் அனுப்பு.

உன் அண்ணி


ஞாயிற்றுக்கிழமை, காலை

என் எறும்புக்கு,

அண்ணி எழுதுகிறேன். இது நீண்ட கடிதம். உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கச் சொல்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நரம்பு டாக்டரம்மா என் வயசுக்காரி. உன் அண்ணனிடம் கையைப் பற்றி ஐந்து நிமிஷம்தான் பேசினார். மீதி ஒரு மணி நேரம் வேறு என்னென்னவோ கேட்டார். படங்களைக் காட்டி இந்த முகம் கோபமா துக்கமா என்றார். அழுகிற பெண்ணின் படத்தைப் பார்த்து உன் அண்ணன், சும்மா இருக்கா என்றார். எந்தக் கட்டடத்தில் எந்த வருஷம் கயிறு மாற்றினார் என்று கேட்டால் தேதியோடு சொல்கிறார். மூளைத் தேய்வு என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் எதையும் மறக்கவில்லை எறும்பு. மீசை பள்ளத்தில் இருந்ததையும் மறக்கவில்லை. அதனால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போய்விட்டது.

டாக்டரம்மா அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒரு தாளில் எனக்கு இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். ஒன்று தசையைப் பட்டுப்போக வைக்கிற நோய், இன்னொன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையைத் தேய்த்துக் குணத்தை மாற்றுகிற நோய். ரொம்பக் காலம் இவற்றைச் சம்பந்தமில்லாத இரண்டு நோய்கள் என்றே வைத்திருந்தார்களாம். ஒன்றுக்கு ஒரு வார்டு, மற்றதற்கு வேறொரு வார்டு. இப்போது பலருக்கு இரண்டு இடத்திலும் ஒரே புரதம் கெட்டுப்போய்க் கட்டி கட்டியாகச் சேர்வதைப் பார்த்திருக்கிறார்கள். அது கையின் நரம்பில் சேர்ந்தால் கை போகிறது, நெற்றிக்குப் பின்னால் சேர்ந்தால் ஆளே மாறிவிடுகிறார், சிலருக்கு இரண்டும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஏன் சிலருக்கு மட்டும் என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். இவருக்கு இரண்டும் இருக்கிறது என்றார். மோட்டாரும் கன்ட்ரோல் பெட்டியும் தனித்தனி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதுதான் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது.

பிறகு டாக்டரம்மா, குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மணி நாலரை ஆயிடுச்சு என்ற அந்தக் குரல் காதில் விழுந்தது. உடனே உன் அப்பாவின் குரலும் விழுந்தது.

இதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இருபது வருஷமாகப் பேசியதில்லை. உன் அம்மா போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மாமா சிரித்தாரே, சாப்பாடு ஆச்சா என்று கேட்டாரே. பிறகு, நாங்கள் வேலைக்காக இங்கே வந்துவிட்ட சமயம், தினமும் ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவது. நீ ஆறேகாலுக்கு வந்து மழையில் நின்றுகொண்டு தட்டியபோது, உள்ளேயிருந்து, ஆறு மணிக்குச் சாத்தணும், சாத்திட்டேன் என்று சொன்னாராமே. கோபமே இல்லாமல் சொன்னார் அண்ணி என்று நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இருந்தது. விடியும்வரை அந்த மழையில் நின்றாய். அந்த வாரமே ஊரை விட்டுப் போனாய். அவர் போனை எடுத்துவிடுவார் என்றுதான் கடிதம் எழுத ஆரம்பித்தாய். அவர் செத்தபோதும் வரவில்லை. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

நீ பார்த்தது அது. நீ போன பிறகு மாமாவை நாங்கள் இங்கே எங்களோடு கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவள் நான். ஒரு வருஷத்தில் அவர் பேச்சு குழறியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. நாக்கை நீட்டச் சொன்னால் அதன்மேல் புழு நெளிகிற மாதிரி துடித்தது. குடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். நானும் நம்பினேன். ஒரு மருமகள் செய்யக்கூடாததைச் செய்தேன், அவர் தூங்கும்போது வாயருகே குனிந்து மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. அப்படியும் அவர் கெட்டிக்காரர், மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் நெஞ்சில் சளி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நீ பாதியைப் பார்த்தாய், நான் பாதியைப் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மாமாவை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, மழையில் நின்றவள் நீ. ஆனால் உன்னை வெளியே நிறுத்தியது உன் அப்பா இல்லாமலும் இருக்கலாம் என்பதை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

இன்னும் ஒன்று சொன்னார். சில குடும்பங்களில் இது ரத்தத்தோடு வருமாம். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கையாக, ஒருவருக்குக் குணமாக, ஒருவருக்கு இரண்டுமாக. அப்படியிருந்தால் பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி. வராமலும் போகலாம். பரிசோதனை உண்டு, ஆனால் தெரிந்துகொள்ள விரும்பாதவரை யாரும் வற்புறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். உன் அண்ணன் ரத்தத்தைச் சோதிக்க ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். அது என் கைப்பையில் ஒன்பது நாளாக இருக்கிறது. நம் பெண் நேற்றுப் போனில் பேசினாள், அப்பாவுக்கு என்னதாம்மா சொன்னாங்க என்றாள். கைதான், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

புதன்கிழமை உன் கடைசிக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தேன். உன் அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டே அதை எடுத்தார். படிக்கவில்லை. கீழே இருந்த எறும்பைப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நம்ம எறும்புக்கு ரெண்டு காலைக் காணோம் என்றார். பெரிய ஜோக் மாதிரி விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினேன். நாலு கால்தான் இருந்தது. அஞ்சாவது ஆரம்பித்துப் புள்ளியோடு நின்றிருந்தது.

மறுநாள் வங்கியில் உன் கடிதங்களை வரிசையாக வைத்தேன். எல்லாவற்றையும் என் மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை எறும்பு, அவசரத்தில் போட்ட கையெழுத்து எது, முடியாமல் போட்ட கையெழுத்து எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் தேவலை என்று அன்றைக்கு முதல் தடவையாக நினைத்தேன்.

நீ கேக்கில் பேர் எழுதுவதை விட்டது ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் ஏன் என்றும் கேட்கவில்லை. நீ பஸ்ஸில் போகும்போது அவசரமாக வரைந்திருக்கலாம். பேனாவில் மை தீர்ந்திருக்கலாம். அண்ணிக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று நீ சிரிக்கலாம். சிரி. உன் சிரிப்பை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். டாக்டரம்மாவின் விலாசத்தையும் போன் எண்ணையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அது சும்மா அங்கே இருக்கட்டும்.

நீ வந்தால் உனக்காக ஆறு மணி என்ன, எத்தனை மணியானாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். வீட்டுப் பூட்டின் சாவி இப்போது என் கழுத்தில்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்று செய்து கொடு. அடுத்த கடிதத்தைக் கையால் எழுது. இரண்டு வரி போதும், கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் போதும். கீழே அந்த எறும்பை நிதானமாக, நேரமெடுத்து, மேசையில் வைத்து வரை. ஆறு கால் போடு கண்ணே. நான் எண்ணிப் பார்ப்பேன்.

உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணி